கூட்டு வட்டிக்கு உறவு சேர்மமா, கலவையா?

மாலைப்பாடம்

அக்கா மகளுக்கு மாலை நேரங்களில் நான்தான் பாடம் சொல்லித் தருகிறேன். ஒன்பதாம் வகுப்பு. நேற்று கணக்கில் கூட்டு வட்டி, அறிவியலில் சேர்மமும் கலவையும். வட்டிக்கும் சேர்மத்துக்கும் ஆங்கிலப் புத்தகத்தில் ‘காம்பவுண்ட்’ என்று ஒரே சொல் இருப்பதை எப்படியோ கவனித்துவிட்டாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “சித்தி, கூட்டு வட்டியில் அசலும் வட்டியும் சேர்ந்து சேர்மமாகிவிடுமா, கலவையாகத்தான் இருக்குமா?”

சேர்மம்தான் என்று சொல்லிவிட்டேன். முதல் ஆண்டு வட்டி அசலோடு சேர்ந்த பிறகு அதுவும் அசலாகவே ஆகிவிடுகிறது, இது வட்டி, இது அசல் என்று பிரித்துக் காட்ட முடியாது, ஆகவே சேர்மம். இதுதான் என் வாதம். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளையின் மனதில் ஒரு தவறான படத்தைப் பதித்துவிட்டால் அதைப் பிறகு அழிப்பது கடினம். வேதியியலும் கணக்கும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் சொன்னது சரியா? பெயர் ஒன்றாக வந்தது தற்செயலா, உள்ளே ஏதாவது உறவு உண்டா?

குடுவை

நல்ல கேள்வி அம்மா. ஆனால் நீங்கள் சொன்ன பதிலை மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் ஒரே சோதனையைத்தான் எடுத்து வைப்பேன். இரும்புத் தூள் 7 கிராம், கந்தகத் தூள் 4 கிராம். இரும்பின் அணு நிறை 56, கந்தகத்துக்கு 32. அதனால்தான் ஏழுக்கு நாலு. இரண்டையும் கல்வத்தில் போட்டு நன்றாக அரைத்தால் மங்கிய மஞ்சள் சாம்பல் நிறத்தில் ஒரு பொடி கிடைக்கும். வெறும் கண்ணுக்கு ஒரே பொருள்தான். லென்ஸில் பார்த்தால் சாம்பல் துகள் தனி, மஞ்சள் துகள் தனி. காந்தத்தைத் தாளில் சுற்றி மேலே கொண்டுபோனால் இரும்பு எழுந்து ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கீழேயே கிடக்கும். இதுவரை கலவை.

அந்தப் பொடியைச் சோதனைக் குழாயில் போட்டு அடிப்பகுதியை மட்டும் சூடாக்குவேன். அடியில் ஒரு சிவப்பு தெரிந்ததும் சுடரை எடுத்துவிடுவேன். சுடர் போன பிறகும் அந்தச் சிவப்பு அணையாது. மெல்ல மெல்ல, தானாகவே, குழாய்க்குள் மேலேறும். வகுப்பு முழுக்கப் பேச்சை நிறுத்தும் நேரம் அதுதான். சேரும்போது வெளிவரும் வெப்பமே அடுத்த அடுக்கைப் பற்றவைக்கிறது. ஆறிய பிறகு குழாயை உடைத்தால் கருத்த கட்டி ஒன்று கிடைக்கும். காந்தம் அதை இழுப்பதில்லை. நீர்த்த அமிலத்தில் இரும்பைப் போட்டால் மணமில்லாத ஹைட்ரஜன் வரும்; இந்தக் கட்டியைப் போட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு நச்சு வாயு வரும். அந்தக் கடைசிப் பகுதியை மாணவர்கள் கையில் ஒருபோதும் கொடுக்க மாட்டேன். காற்றை வெளியேற்றும் பெட்டிக்குள் நானே ஒரு துளி விட்டுக் காட்டுவதோடு சரி.

இப்போது உங்கள் வட்டிக்கு வாருங்கள். இரும்பு கந்தகத்தோடு சேர்ந்ததும் இரும்பின் குணத்தை இழந்தது. வட்டி அசலோடு சேர்ந்ததும் எதை இழந்தது? ஒன்றையும் இழக்கவில்லை. பணம் பணமாகவே இருக்கிறது. பிரித்துக் காட்ட முடியவில்லை என்பதற்காக ஒன்றைச் சேர்மம் என்று சொல்ல முடியாது. ஒரு குவளை நீரில் இன்னொரு குவளை நீரை ஊற்றினால்கூட எது பழையது, எது புதியது என்று காட்ட முடியாது. அதனால் அது சேர்மமாகிவிடுமா? சேர்ந்த பிறகு உறுப்புகளிடம் இல்லாத புதுக் குணம் பிறந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

எண்சுவடி

குடுவை சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் பிரித்துக் காட்ட முடியாது என்பதையே நான் ஒப்பவில்லை. காகிதத்தில் அழகாகப் பிரித்துக் காட்டலாம்.

அசல் 1000, ஆண்டு வட்டி 10 சதவீதம், 3 ஆண்டு. தனி வட்டி என்றால் 300, மொத்தம் 1300. கூட்டு வட்டி என்றால் மொத்தம் 1331. இந்த 1331-ஐ அப்படியே விடாமல் அவிழ்த்துப் பாருங்கள்.

1000 அசல். அசல் மூன்று முறை தலா 100 ஈட்டியது, அது 300. முதல் ஆண்டு வந்த 100 இரண்டாம் ஆண்டில் 10, மூன்றாம் ஆண்டில் 10 ஈட்டியது. அசல் இரண்டாம் ஆண்டில் ஈட்டிய 100, மூன்றாம் ஆண்டில் 10 ஈட்டியது. ஆக வட்டிக்கு வட்டி 30. மிச்சம் 1. அது யார்? இரண்டாம் ஆண்டில் வட்டிக்கு வந்த வட்டி 10 இருந்ததே, அது மூன்றாம் ஆண்டில் ஈட்டிய 1. வட்டியின் வட்டிக்கு வட்டி.

1000, 300, 30, 1. மேல் வரியில் அடுத்தடுத்துள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போவது பாஸ்கல் முக்கோணம்; ஒன்று, மூன்று, மூன்று, ஒன்று என்ற அதன் வரி இங்கே எழுந்து நிற்கிறது. நான்காம் ஆண்டுக்குப் போனால் ஒன்று, நாலு, ஆறு, நாலு, ஒன்று: 1000, 400, 60, 4, 0.1. கூட்டினால் 1464.10. அக்கா மகளை இந்த வரிகளை ஒருமுறை கையால் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைசி ஒன்றை எங்கும் சந்தித்ததே இல்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

புதுக்கணக்கு

எனக்கு இந்தப் பாடம் பள்ளியில் புரியவில்லை. கடன் வாங்கிய பிறகுதான் புரிந்தது.

மாதம் 2 சதவீதம் என்றார்கள். ஆண்டுக்கு 24 என்று மனதில் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டேன். கட்டாத வட்டி மாதந்தோறும் அசலுடன் சேர்க்கப்படும் என்ற வரி அந்தத் தாளில் தெளிவாகவே இருந்தது; நான்தான் அதன் கனத்தை உணரவில்லை. 1.02-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 1.2682 வருகிறது. அதாவது ஆண்டுக்கு 26.82 சதவீதம். 24-க்கும் 26.82-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஐந்து ஆண்டு ஒன்றும் கட்டாமல் விட்டால் தனி வட்டிக் கணக்கில் கடன் 2.2 மடங்கு ஆகும். மாதக் கூட்டில் 3.28 மடங்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா, சேர்மமா கலவையா என்பதை விடவும் “எத்தனை முறை சேர்க்கிறார்கள்?” என்று கேட்க அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுங்கள். சதவீதம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். இதைக் கேட்பவர்கள் குறைவு.

தொகைநிலை

நான் தமிழாசிரியர். பெயரைப் பற்றிக் கேட்டிருப்பதால் சொல்கிறேன்.

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்ததைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. வட்டிக்குக் கூட்டு. வேதியியலுக்குச் சேர்மம். இலைக்கும் பூச்சியின் கண்ணுக்கும் மறுபடியும் கூட்டு: கூட்டிலை, கூட்டுக்கண். சொல்லோடு சொல் சேர்ந்தால் தொகை. இலங்கைப் பாடநூல்களில் சேர்மத்தைச் சேர்வை என்பார்கள், தனிமத்தை மூலகம் என்பார்கள். கலவை இரு பக்கமும் கலவைதான். (சுவரைக் குறிக்கும் காம்பவுண்ட் இந்தக் குடும்பமே இல்லை. அது மலாய் மொழியின் கம்போங் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதே அகராதிகள் பொதுவாகத் தரும் விளக்கம்.) ஆகவே தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பம் இயல்பாக வராது. வந்தது நல்லதுதான், ஏனென்றால் அதைத் தீர்க்க நம் இலக்கணத்திலேயே கருவி இருக்கிறது.

தொகைநிலைத் தொடர் ஆறு வகை. அதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இரவுபகல்’ உம்மைத்தொகை. இரவும் பகலும் என்று விரியும். சேர்ந்த பிறகும் இரவு இரவாகவும் பகல் பகலாகவும் இருக்கிறது. குடுவையின் அரைத்த பொடி இதுதான். ‘பொற்றொடி வந்தாள்’ என்பது அன்மொழித்தொகை. வந்தது பொன்னா? இல்லை. தொடியா? அதுவும் இல்லை. பொன்னாலான வளையலை அணிந்த ஒரு பெண் வந்தாள். இரு சொல்லிலும் இல்லாத பொருள் இரண்டும் சேர்ந்ததால் பிறந்தது. இது அந்தக் கருத்த கட்டி. இன்னொன்றும் கவனியுங்கள்: பொன்னும் தொடியும் சொல்லுக்குள் அழியாமல்தான் இருக்கின்றன, பொருள் மட்டும் வெளியே போய்விட்டது. சேர்மத்திலும் அணுக்கள் அழிவதில்லை, குணம்தான் மாறுகிறது.

அப்படியானால் கூட்டு வட்டி எந்தத் தொகை? எனக்கு அதை வினைத்தொகையாக விரித்துப் பார்க்கப் பிடிக்கும். கூட்டிய வட்டி, கூட்டுகின்ற வட்டி, கூட்டும் வட்டி. மூன்று காலமும் உள்ளே மறைந்து நிற்கின்றன. கூட்டு என்பதைப் பெயராகக் கொண்டு வேறு வகையாகச் சொல்லவும் இடமுண்டு என்பதால் தேர்வில் இப்படி எழுதச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரின் இயல்பு அதுதான். ஒருமுறை கூட்டி முடிந்த பொருளை அது சொல்லவில்லை. கூட்டிக்கொண்டே போகும் செயலைச் சொல்கிறது. வேதியியல் பாடத்தின் கொதிநிலை, உருகுநிலை, எரிபொருள் எல்லாமே இதே வினைத்தொகைதான். மாணவர்களிடம் இதைச் சொன்னால் இரண்டு பாடமும் சேர்ந்து மனதில் நிற்கும்.

அரைப்பரீட்சை

நான் பத்தாம் வகுப்பு. பெரியவர்கள் பேசும் இடத்தில் என் சந்தேகத்தையும் கேட்கலாமா? 1000-க்கு 10 சதவீதம், இரண்டரை ஆண்டு, ஆண்டுக்கொருமுறை கூட்டு வட்டி. எங்கள் புத்தகத்தில் 1270.50 என்று விடை. கணிப்பானில் 1.1-க்கு 2.5 அடுக்குப் போட்டால் 1269.06 வருகிறது. எது சரி?

எண்சுவடி

தாராளமாகக் கேளுங்கள் தம்பி. தேர்வுக்கு 1270.50-ஐ எழுதுங்கள். ஆண்டுக்கொருமுறைதான் சேர்ப்போம் என்று நிபந்தனை இருக்கும்போது, இரண்டாம் ஆண்டு முடிவில் 1210 ஆகிவிடுகிறது. மீதி அரை ஆண்டுக்குள் சேர்க்கும் நாள் வரவில்லை. ஆகவே அந்த அரை ஆண்டுக்குத் தனி வட்டி, 5 சதவீதம், 60.50. உங்கள் கணிப்பான் ஆண்டின் நடுவிலும் வட்டி ஒரே சீராக வளர்ந்துகொண்டிருப்பதாக எண்ணிக்கொண்டது. அதுவும் பிழையான கணக்கன்று, வேறு கேள்விக்கான விடை. நேர்கோடும் வளைகோடும் ஆண்டின் இரு முனைகளில் தொட்டுக்கொள்ளும். நடுவில் நேர்கோடு சற்று மேலே இருக்கும். அந்த இடைவெளிதான் நீங்கள் கண்ட 1.44.

இதே நேர்கோட்டு வழியை மிகப் பழைய ஆட்களும் செய்திருக்கிறார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் பழைய பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 20 சதவீத வட்டியில் பணம் இரட்டிப்பாக எவ்வளவு காலம் ஆகும் என்பது அதிலுள்ள கணக்கு. மூன்று ஆண்டில் 1.728 மடங்கு, நாலு ஆண்டில் 2.0736 மடங்கு, இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 3.79 ஆண்டு. இன்றைய முறையில் 3.80. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட பலகை அது. அடுக்குக்குறியோ தசமப்புள்ளியோ இல்லாத காலத்தில் அவர்கள் அந்த இடத்தை எட்டினார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

புதுக்கணக்கு கேட்ட “எத்தனை முறை” என்ற கேள்வியை 1683-இல் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி அதன் கடைசி வரை துரத்திப் போனார். 1 என்ற அசல், ஆண்டுக்கு 100 சதவீதம். ஆண்டுக்கொருமுறை சேர்த்தால் 2. அரையாண்டுக்கு 2.25. மாதந்தோறும் 2.613. நாள்தோறும் 2.7146. நொடிதோறும் சேர்த்தால் எல்லையில்லாமல் ஏறிவிடுமா? ஏறாது. 2.71828 என்று தொடங்கும் ஓர் எண்ணை நெருங்கி நின்றுவிடும். பிற்பாடு ஆய்லர் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த எண் முதலில் தலைகாட்டியது ஒரு வட்டிக் கணக்கில்.

உலோகன்

குடுவையின் 7-க்கு 4 பற்றி ஒரு வார்த்தை. நான் உலோகவியல் படித்தவன்.

சேர்மத்தில் உறுப்புகளின் விகிதம் மாறவே மாறாது என்று பிரெஞ்சு வேதியியலர் ஜோசப் புரூஸ்ட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சொன்னார். அதே நாட்டுப் பெர்த்தோலே ஒப்பவில்லை. சூழலைப் பொறுத்து விகிதம் ஓரளவு மாறலாம் என்றார். பல ஆண்டுகள் கட்டுரைக்குக் கட்டுரை பதில் எழுதி இருவரும் வாதாடினார்கள், ஒருவரை ஒருவர் மதித்தே வாதாடினார்கள். புரூஸ்ட் வென்றார். டால்டனின் அணுக் கொள்கை அந்த வெற்றிக்குக் காரணமும் தந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. வூஸ்டைட் என்ற இரும்பு ஆக்சைடில் 100 ஆக்சிஜன் அணுவுக்கு இரும்பு அணு 95 அளவில்தான் இருக்கும். படிகத்தில் இரும்பு உட்கார வேண்டிய சில இடங்கள் காலியாகவே கிடக்கும்; எத்தனை காலி என்பது அது உருவான வெப்பத்தையும் ஆக்சிஜன் அளவையும் பொறுத்தது. இப்படிப்பட்டவற்றுக்குப் பெர்த்தோலைடுகள் என்று பின்னால் பெயர் வைத்தார்கள். தோற்றவரின் பெயர் நிலைத்துவிட்டது! குடுவை, நீங்கள் குழாயில் செய்யும் இரும்பு சல்பைடும் இதே இனம்தான். இரும்பு சற்றுக் குறைந்த வகையில் ஒன்று காந்தத்தால் மெல்ல இழுக்கவும்படும்.

குடுவை

உலோகன், மிக்க நன்றி. கட்டி காந்தத்தில் இலேசாக ஒட்டும்போதெல்லாம் எடை போட்டதில் இரும்பு கூடிவிட்டது என்று நினைத்து என்னையே கடிந்துகொண்டிருக்கிறேன். இனி இரண்டு காரணத்தையும் சொல்லிக் கொடுப்பேன்.

நீங்கள் சேர்மத்தின் பக்கம் வரப்பை உடைத்துவிட்டதால் கலவையின் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கலவையைக் காய்ச்சி வடித்தோ வடிகட்டியோ எளிதாகப் பிரித்துவிடலாம் என்று பாடத்தில் இருக்கிறது. எத்தனாலையும் நீரையும் காய்ச்சி வடித்துப் பாருங்கள். எடையில் 95.6 சதவீத எத்தனால் வந்ததும் நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை முறை வடித்தாலும் ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். 78.2 டிகிரியில் சேர்மத்தைப் போலவே நிலையாகக் கொதிக்கும். கொதிநிலை மாறாக் கலவை என்று பெயர். அது கலவைதான் என்று எப்படித் தெரிகிறது? அழுத்தத்தை மாற்றிக் கொதிக்க வைத்தால் அந்த 95.6 நகர்ந்துவிடும். நீரில் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் எடையில் உள்ள 1-க்கு 8, எந்த அழுத்தத்தில் கொதிக்க வைத்தாலும் நகராது.

காற்றாடி

இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கலவையும் சேர்மமும் சேர்ந்து ஒரு தனிமத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த நிகழ்ச்சியை யாரும் சொல்லவில்லையே!

1890-களில் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து மற்றவற்றை நீக்கி எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.257 கிராம். நைட்ரஜன் சேர்மங்களை உடைத்து எடுத்த நைட்ரஜன் 1.2505 கிராம். வித்தியாசம் அரை சதவீத அளவுதான். வேறு யாராக இருந்தாலும் அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கியிருப்பார்கள். அவர் ஒதுக்கவில்லை. காற்றிலிருந்து வந்த ‘நைட்ரஜன்’ உண்மையில் ஒரு கலவை. உள்ளே எதனோடும் சேராத கனமான வாயு ஒன்று ஒளிந்திருந்தது. 1894-இல் ராம்சேயுடன் சேர்ந்து அதை அறிவித்தார்: ஆர்கான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய ஒரு சதவீதம் அதுதான்.

சேர்மத்திலிருந்து வந்த நைட்ரஜன் சுத்தமாக இருந்ததே, அதற்குக் காரணம் சேர்மம் தனக்கு உரியதை மட்டுமே கணக்காகச் சேர்த்துக்கொள்ளும் என்பதுதான். கலவை அப்படிப் பார்க்காது, வந்ததையெல்லாம் வைத்துக்கொள்ளும்.

மாலைப்பாடம்

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை அவளிடம் என் பதில் தவறு என்று சொல்லிவிட்டேன். 1000, 300, 30, 1 என்ற வரியை எழுதிக் காட்டினேன். அந்தக் கடைசி ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டு, “இது பேத்தி வட்டி” என்றாள்.

ஆனால் அவள் விடவில்லை. “சேர்மம் இல்லை என்றால் கலவையா?” என்கிறாள். பெயருக்கு மேல் ஒன்றும் உறவில்லை என்று சொல்லி முடித்துவிடலாமா?

எண்சுவடி

முடிக்காதீர்கள். எண்ணிக் கணக்கிட்டால் கூட்டு வட்டிக்கு ரத்த உறவு கலவையோடுதான்.

அவள் புத்தகத்திலேயே இருக்கும் ஒரு கணக்கு: 40 லிட்டர் கரைசல் உள்ள கலத்திலிருந்து 4 லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு நீர் ஊற்றுகிறோம். இப்படி மூன்று முறை. பழைய கரைசல் எவ்வளவு மிஞ்சும்? பலர் நாலு முறை மூன்று பன்னிரண்டு, ஆகவே 28 என்று எழுதிவிடுவார்கள். அது தனி வட்டிப் புத்தி. இரண்டாம் முறை எடுக்கும் 4 லிட்டரில் ஏற்கெனவே நீர் கலந்திருக்கிறது. பழையதில் பத்தில் ஒரு பங்குதான் போகிறது, பத்தில் ஒன்பது பங்கு நிற்கிறது. ஆகவே 40-ஐ 0.9-ஆல் மூன்று முறை பெருக்க வேண்டும். 29.16 லிட்டர்.

கூட்டு வட்டியில் 1.1, இங்கே 0.9. ஒன்று ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது. வேறு எந்த வித்தியாசமும் இல்லை. இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதும் இதே கணக்கு. ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டு இப்போது இருப்பதில் ஒரு பங்கைப் பார்க்கும் எல்லாமே ஒரே குடும்பம். பெயரில் வட்டிக்குச் சேர்மம் உறவு, கணக்கில் கலவை உறவு.

குடுவை

அட, இதை நான் தினமும் செய்கிறேனே!

பியூரெட்டை, அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயை, கழுவிய பிறகு அதில் நிரப்பப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும் என்று மாணவர்களிடம் தொண்டை வறளச் சொல்வேன். உள்ளே நீர் தங்கியிருந்தால் கரைசல் நீர்த்துப்போய் அளவு கூடுதலாகக் காட்டும். நான் மாணவனாக இருந்தபோது அப்படி ஒரு முழு நாள் வேலையை வீணாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விடை ஒரே மாதிரி தவறாக வந்தது. பிழை எங்கே என்று மாலைவரை தேடினேன். மறுபடி அலசிய பிறகு முதல் அளவீட்டிலேயே சரியாக வந்தது.

அலசுவதிலும் ஒரு முறை உண்டு. சுவரில் 1 மில்லி லிட்டர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 30 மில்லி இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே முறை ஊற்றி அலசிக் கொட்டினால் பழையதில் 31-இல் ஒரு பங்கு மிஞ்சும். அதே 30-ஐப் பத்துப் பத்தாகப் பிரித்து மூன்று முறை அலசினால் ஒவ்வொரு முறையும் 11-இல் ஒரு பங்கு. 11 பெருக்கல் 11 பெருக்கல் 11.

1331-இல் ஒரு பங்கு!

எண்சுவடி எழுதிய அதே 1331 என் குடுவைக்குள்ளும் இருந்திருக்கிறது. சிறிது சிறிதாகப் பல முறை அலசு என்று என் மேற்பார்வையாளர் சொன்னதை நானும் சொல்லிக்கொண்டு வந்தேன். அது கூட்டு வட்டி என்று இன்றுதான் தெரிகிறது.

மாலைப்பாடம்

செய்து பார்த்துவிட்டோம். சிறு பாட்டிலில் நீல மையை ஊற்றிக் கவிழ்த்துவிட்டு, மருந்து அளக்கும் மூடியால் பத்துப் பத்து மில்லியாக நீர் ஊற்றிக் குலுக்கினாள். கொட்டிய நீரை வரிசையாக மூன்று கண்ணாடிக் குவளைகளில் வைத்தாள். முதல் குவளை கருநீலம், இரண்டாவது வானத்து நீலம், மூன்றாவதில் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால்தான் நிறம் தெரிந்தது. நான்காவதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தனக்கு இன்னும் தெரிகிறது என்று அவள் சாதிக்கிறாள்.

இப்போது புதுக் கேள்வி: “11-ஆல் வகுத்துக்கொண்டே போனால் பூச்சியமே வராதே சித்தி, அப்படியென்றால் மை எப்போதும் கொஞ்சம் இருந்துகொண்டே இருக்குமா?”

குடுவை

அவளிடம் சொல்லுங்கள்: கணக்கில் பூச்சியம் வராது, பொருளில் வந்துவிடும். ஏனென்றால் பொருள் எண்ணிக்கையால் ஆனது.

மையில் பல பொருள் கலந்திருப்பதால் எளிதாகச் சர்க்கரைக் கரைசலை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஒரு மோல், அதாவது 6.022 × 10²³ மூலக்கூறு. சுவரில் ஒட்டிய 1 மில்லியில் ஒரு மோலின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 6.022 × 10²⁰ மூலக்கூறு. ஒவ்வோர் அலசலுக்கும் 11-ஆல் வகுத்துக்கொண்டே வரட்டும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வர மறுப்பவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 19-ஆவது அலசல் முடியும்போது சராசரியாகப் பத்து மூலக்கூறு மிஞ்சியிருக்கும். 20-ஆவதில் ஒன்றுக்கும் கீழே வந்துவிடும். பாதி மூலக்கூறு சர்க்கரை என்று ஒன்று கிடையாது; உடைந்தால் அது சர்க்கரையே இல்லை, வேறு பொருள். ஆகவே அங்கே ஒன்று இருக்கும், அல்லது இருக்காது.

மாலைப்பாடம்

படித்துக் காட்டினேன். 11-ஐ 20 முறை பெருக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கணிப்பானை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாளில் தொடங்கியிருக்கிறாள். ஏழாவது பெருக்கலில் இருக்கிறாள்: 1,94,87,171.